அம்மாவின் சிவப்பும் அத்தையின் சிவப்பும்

என் கண்ணுக்கு இரண்டும் ஒரே சிவப்புதான். இதற்காகவா வீடு இரண்டுபட்டது என்று இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று சிரிக்கிற மாதிரி இல்லை. அம்மா கட்டில்மேல் வைத்திருந்த பைக்குள் அவளுடைய புடவைகள் மட்டும்தான் இருந்தன. என் துணி ஒன்றுகூட இல்லை.

உளுந்தூர்பேட்டையில் அப்போதுதான் புது வீடு கட்டியிருந்தோம். தாங்கள் படுக்கிற அறையில் ஒரு சுவர் மட்டும் சிவப்பாக வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டாள். பெயிண்டர் இரண்டு சிவப்பைப் பக்கத்தில் பக்கத்தில் பூசிக் காட்டினார். அம்மா இடப்பக்கம் கைகாட்டினாள். களமருதூரிலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, வலப்பக்கம் கைகாட்டினாள். அம்மாவின் கழுத்தில் மூன்றாம் முடிச்சு போட்டவள் அவள். வாசற்படி எந்தப் பக்கம், சமையல் மேடைக்கு என்ன கல், எல்லாமே அவள் சொன்னபடிதான் நடந்திருந்தது.

"இதான் பளிச்சுனு கீது. அது ரத்தம் காஞ்சாப்புல, தூ!" என்றாள் அத்தை.

அம்மா அவளைப் பார்க்கவே இல்லை. அப்பாவைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. இல்லன்னா நான் மணலூர்பேட்டைக்குக் கெளம்புறேன். எங்கம்மா வூட்லயே இருந்துக்கறேன்."

அப்பா வழக்கம்போல் செல்போனை எடுத்து எதையோ தேடினார். பாவி மனுஷன், வாயைத் திறக்க வேண்டுமே! பெயிண்டர் டப்பாவைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அம்மா பையைத் தோளில் மாட்டினாள். நான் ஓடிப்போய் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். வாசல் வரை என்னையும் இழுத்துக்கொண்டே நடந்தாள்.

"அக்கா," என்றார் அப்பா. செல்போனைச் சட்டைப்பையில் போட்டார். "அவ படுக்குற ரூமு. அவ சொல்றதே இருந்துட்டுப் போவட்டும்."

அத்தைக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்ப நான் யாரு இந்த வூட்டுக்கு?" என்று மூக்கைச் சிந்தினாள். அப்பா அதற்கும் பேச்சை மாற்றவில்லை.

அம்மா பையை இறக்கி வைத்தாள். சுவரருகே வந்து இரண்டு சிவப்பையும் பார்த்தாள்.

"அண்ணி சொன்னதே அடிங்கண்ணா," என்றாள் பெயிண்டரிடம்.

எனக்கு வந்ததே கோபம்! இத்தனை ரகளை செய்து ஜெயித்ததை இப்படியா தூக்கிக் கொடுப்பாள்? அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. சாயங்காலம் அத்தையின் சிவப்புக்கு முன்னால் உட்கார்ந்து, அம்மா அப்பாவுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். பாவம், தோற்றுப்போனது இன்னும் அவளுக்கு உறைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.