எதிர்வீட்டு அலமாரி

தொண்ணூறுகளின் நடுவில், நியூஜெர்சியில் ஐசலினுக்குப் பக்கத்தில், ஒரு ஜெர்மன் கிழவியின் வீட்டு மாடியில் குடியிருந்தோம். கீழே அவள் மட்டும்தான். பின்பக்கம் இரண்டு அறைகள் காலியாகக் கிடந்தன. அவற்றைக் கேட்கத்தான் அன்று போனேன். என்னோடு வேலை பார்த்த திருநெல்வேலி நண்பருக்கு மாதக் கடைசியில் மனைவியும் கைக்குழந்தையும் வருகிறார்கள், வீடு கிடைக்கவில்லை. அவருடைய முஸ்லிம் பெயரைக் கேட்டதும் மூன்று இடத்தில் "இப்பத்தான் வேற ஆளுக்குக் குடுத்தோம்" என்றார்கள். மூவரும் நம்மூர்க்காரர்கள்தான். "நான் பேசி முடிக்கிறேன் தம்பி" என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

கிழவி காபி கொடுத்தாள். கூடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய மர அலமாரி நின்றது. காரியம் ஆகவேண்டுமே என்று அதைப் புகழ்ந்தேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவள் ஊரில் ஏலத்தில் எடுத்ததாம். எதிர்வீட்டு யூதக் குடும்பத்தின் அலமாரி. அவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டேன்.

"கிழக்கே அனுப்பினார்கள். எதற்கு, ஏன் என்பதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் சாதாரண ஜனங்கள்."

ஆள் போன இடம் கொலைமுகாம் என்று தெரியாதாம், ஏலம் நடக்கும் நாள் மட்டும் தெரியுமாம். விடியுமுன்பே போய் முதல் ஆளாக நின்றேன் என்று பெருமை வேறு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இவள் மறைக்கக்கூட இல்லை, துடைத்து மெருகேற்றிக் கப்பலில் கொண்டுவந்து கூடத்தில் நிறுத்தியிருந்தாள். அவர்கள் நாட்டுச் சர்வாதிகாரி ஒருவனாகவா அத்தனை வீடுகளையும் காலி செய்தான்? எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் காபியை மிச்சம் வைக்கவில்லை.

பிறகு அறையைப் பற்றிச் சொன்னேன். நண்பரின் பெயரைக் கேட்டாள், சொன்னேன்.

"நீங்கள் சைவம். அவர்கள் கறி சமைப்பார்கள். உங்களுக்குத் தொந்தரவு என்றால் சொல்லுங்கள், கொடுக்க மாட்டேன்."

தினமும் காலையில் பன்றி இறைச்சி வறுத்து மாடிவரை மணக்க வைப்பவள் கேட்கிறாள்! பழியை என் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று புரிந்தது. தொந்தரவு இல்லை என்று சொன்னால் போதும். ஆனால் எங்கள் லீஸ் அடுத்த மாதம் முடிகிறது, மனைவிக்கு ஏழாம் மாதம். இவளைப் பகைத்துக்கொள்ள வேண்டுமா என்று தோன்றியது.

"உங்கள் வீடு, உங்கள் இஷ்டம்" என்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

நண்பரிடம், எவ்வளவோ பேசிப் பார்த்தேன், கிழவி மசியவில்லை என்று சொன்னேன். அவர் பஸ்கூடப் போகாத இடத்தில் ஒரு பேஸ்மென்ட்டுக்குப் போனார். கார் கிடையாது. சாமான் ஏற்ற நானும் போயிருந்தேன். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த லேடி ஒத்துக்கலன்னா நீங்க என்னண்ணே பண்ணுவீங்க? எனக்காக அவ்வளவு ஃபைட் பண்ணீங்களே, அதுவே பெரிசு. தேங்க்ஸ்ணே."

"நமக்குள்ள என்னப்பா தேங்க்ஸ்" என்றேன், கூசாமல்.