பலா மரத்துக்கு வைத்தியம்

மரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதை உற்றுப் பார்த்து, அது இன்னது, இன்ன இடத்தில் வளர்கிறது என்று சொல்வது என் தொழில். காளானும் பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் அந்த உயிருக்கு லைக்கன் என்று பெயர். உங்கள் வீட்டுப் பிரியாணியில் விழும் கல்பாசியும் அந்தக் குடும்பம்தான். போடியில் கல்லூரிப் பாடம் நடத்தியது போக மீதி நாளெல்லாம் ஏலமலைச் சரிவில் திரிகிறேன். சொந்தக்காரர்களுக்கு விளங்காத வேலை பார்ப்பவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

ஜீப்பில்

போடிமெட்டு ஏறும் ஜீப்பில், ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தேன். என் கையில் இருந்த பூதக்கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் பக்கத்து அக்கா, "என்ன சோலியா போறீக?" என்றார். மரத்தில் படிந்திருக்கும் பாசியைப் பார்க்கப் போகிறேன் என்றேன். "பார்த்து?" "பேரு கண்டுபிடிப்பேன்க்கா."

இரண்டு கொண்டை ஊசி வளைவுகள் கடக்கும்வரை யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப வீட்டுல சோறு ஆக்குறது யாரு ஆத்தா?"

கடையில்

போடியில் ஒரு மசாலாக் கடை. கல்பாசிச் சாக்குக்குள் கையை விட்டுக் கிளறி, இதில் பல இனங்கள் கலந்து கிடக்கின்றன, ஓரம் சுருண்டது வேறு, அடிப்பக்கம் கறுத்தது வேறு என்று முதலாளிக்கு விளக்கினேன். வியாபார நேரத்திலும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு சிட்டிகை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"நமக்கு ரெண்டே ரகந்தான் டீச்சர். மணக்குறது, மணக்காதது."

தோட்டத்தில்

எங்கள் முறையும் அப்படியொன்றும் பிரமாதமில்லை. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்ப்போம். மலைக்கு மேற்கே, கேரளப் பக்கம் மட்டுமே இருப்பதாக நாங்கள் நினைத்திருந்த ஒரு லைக்கனை, இந்தப் பக்கச் சரிவில் ஒரே ஒரு பலா மரத்தில் பார்த்தேன். உள்ளங்கை அகலம்தான். அதில் வித்து உண்டாகும் காய்க்கிண்ணங்கள் விரிந்தால்தான் பெயரை உறுதியாகச் சொல்ல முடியும். அதுவரை பெயர்த்தெடுக்க மனம் வரவில்லை. வாரம் தவறாமல் போய்ப் பார்த்தேன்.

ஒருநாள் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டேன். ரத்தச் சிவப்பாக மாறியது. தோட்டத்துக் கங்காணி முத்தையா அண்ணன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். என்னைவிட அவர் முகத்தில்தான் கவலை அதிகம்.

"மருந்து கேக்குதா டீச்சர்?"

மழைக்குப் பிறகு

பாதை சரிந்து, மழைக்காலம் முழுக்க மேலே போக முடியவில்லை. இந்நேரம் கிண்ணங்கள் விரிந்திருக்கும் என்று ஓட்டமும் நடையுமாகப் போனேன். பலா மரம் இடுப்பில் வெள்ளை வேட்டி கட்டியதுபோல் நின்றது. முத்தையா அண்ணன் லீவு நாளில் வந்து, தேங்காய் நாரால் தேய்த்துச் சுத்தம் பண்ணி, சுண்ணாம்பும் அடித்திருந்தார். சுரண்டியது எங்கே என்றேன். நோய் பரவக்கூடாது என்று அடுப்பில் போட்டுவிட்டாராம்.

திட்டவும் முடியாது. எனக்காகத்தானே செய்திருக்கிறார்! அது நோயே இல்லை, மரத்துக்கு ஒரு கெடுதலும் செய்யாது என்று தொண்டை வற்ற எடுத்துச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, மரத்துக்குக் கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டருக எல்லாம் அப்படித்தான் டீச்சர் சொல்லுவாக. பக்கத்து மரத்துலயும் லேசா தொடங்கிருக்கு, பயப்படாதீக, வர்ற ஞாயித்துக்கெழம அதையும் வெரசா சொரண்டிப்புடுறேன்."

ஆகவே, அந்த இரண்டாவது மரம் என் வைத்தியத்தில் இருக்கிறது, மருந்து கேட்கும்வரை யாரும் கை வைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். கடவுள் புண்ணியத்தில் நோய் நன்றாகப் பரவி வருகிறது.