முந்திரிக்கொட்டை டீச்சர்

‘பள்ளி உளவியல் முதுகலைப் படிப்பில் சேர விரும்புவோர், பிறர் பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்கும் இயல்பு உடையவராக இருத்தல் வேண்டும்.’ பல்கலைக்கழகக் கையேட்டின் இந்த வரியைக் கணக்கு டீச்சர் ஆசிரியர் அறையில் உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது, அறிவியல் ஆசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “தெரியும் சார், எனக்கும் இதுக்கும் ஏணி வெச்சாலும் எட்டாதுன்னுதானே சொல்ல வர்றீங்க?” என்றார் டீச்சர். அவர் கேட்க வந்தது சாக்பீஸ்.

பிள்ளைகள் வைத்த பெயர் முந்திரிக்கொட்டை. யார் வாக்கியமானாலும் பாதியில் வாங்கி, தானே முடித்துத் தருவார். கணக்குக்கு அது கெட்டிக்காரத்தனம். ஆனால் ஏழாம் வகுப்பில் ஒரு பெண் வாய் திறப்பதையே நிறுத்தியபோது, டீச்சர் அவளுக்கும் சேர்த்துப் பேசினார். அவள் அழுதுகொண்டே எழுந்து போய்விட்டாள். “நான் சொன்னதுல ஒண்ணுகூட அவ சொல்ல வந்தது இல்ல போலிருக்கு,” என்று அன்று முழுக்கப் புலம்பினார். படிக்கும் எண்ணம் அப்போதுதான் வந்தது.

விண்ணப்பித்தது இரண்டு இடங்களுக்கு. ஒன்று பேர்பெற்ற பல்கலைக்கழகம். எழுத்துத் தேர்வில் வெளுத்து வாங்கினார். கையோடு இடம் கொடுத்தார்கள். அங்கே முதல் வருடம் முழுக்கப் புத்தகம்தான். மற்றது சின்னக் கல்லூரி. முதல் வாரமே குழந்தைகளோடு உட்கார வேண்டும். கண்ணாடிச் சுவருக்கு அப்பாலிருந்து பேராசிரியை கவனிப்பார். நேர்காணலும் அப்படியே, டீச்சரை ஒரு குழந்தையோடு உட்காரவைத்துக் கவனித்தார். முடிந்ததும் அந்த அம்மாள் சொன்னார்: “குழந்தை நல்லா கேட்டுது. நீங்கதான் கேக்கவே இல்ல. பரவாயில்ல, சேருங்க. இதையேதான் தினமும் சொல்லிட்டிருப்போம்.”

வீட்டுக்காரர், “கல்யாணத்துக்கு அப்புறம் நான் முற்றுப்புள்ளியே வெச்சதில்ல” என்று சொல்லிச் சிரிக்கும் மனிதர். பதில் சொல்ல வேண்டிய கடைசி நாள் காலையில், காய் நறுக்கிக்கொண்டே ஆரம்பித்தார்.

“முகத்துக்கு நேரா குத்திக்காட்டின இடத்துக்கே போகணுங்கறியே, உனக்கு...”

வெட்கமா இல்லையான்னுதானே? டீச்சருக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

வாக்கியத்தைத் தானே முடித்துப் பழக்கமில்லாத வீட்டுக்காரர் தடுமாறிப்போனார். மனைவிக்கு உடம்பு சரியில்லையோ என்று ஏறிட்டுப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

“...பயமா இல்லையா?”

“இருக்கு,” என்றார் டீச்சர்.

பிறகு பேர்பெற்ற பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்து, இடம் வேண்டாம் என்று சொன்னார்.