ஒரு விரல் இடம்

என் அக்காவின் கணவரை எங்கள் குடியிருப்பில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. மாவுக்கட்டு என்றால் போதும். ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டில் இருபத்தாறு வருடமாகக் கட்டுப் போடுகிறார். டாக்டர் எலும்பைச் சேர்த்துவிட்டுப் போய்விடுவார், அதை அசையாமல் நிறுத்துவது இவர் வேலை. முடிந்ததும் நோயாளியின் நகத்தை அழுத்திப் பார்ப்பார். வெளுத்த நகம் உடனே சிவக்க வேண்டும். பிறகு கட்டின் ஓரத்தில் தன் சுண்டுவிரலை நுழைப்பார். "ஒரு விரல் இடம் இல்லேன்னா அது கட்டு இல்ல, சுருக்கு" என்பார். வீட்டிலும் அதே பாட்டுதான். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

கீழ்வீட்டுக் கணக்கு டீச்சர் போன வருடம் படியில் வழுக்கி இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது மாமாதான் கட்டுப் போட்டார். விரலை அசைத்துக்கொண்டே இருங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். சும்மா எப்படி அசைப்பது என்று டீச்சர் மொட்டை மாடியில் தக்காளி வைத்தார். பக்கக் கொழுந்தைக் கிள்ளுவதுதான் விரலுக்குப் பயிற்சி. எட்டுத் தொட்டி, எட்டுக் கம்பிக் கூண்டு. கூண்டு இடுப்பு உயரம்தான். காய் பிடிக்கிற நேரத்தில் செடிகள் அதைத் தாண்டி வளர்ந்து வெளியே சாய்ந்தன. அப்போது பார்த்து மகளுக்குப் பிரசவம். டீச்சர் மாடிச் சாவியை மாமாவிடம் கொடுத்தார். "மூணு வாரம் பாத்துக்கங்க. சாயாம கட்டி வச்சா போதும். உங்க கட்டுன்னா நிக்கும்."

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆளுயர மூங்கில் கம்புகள் வாங்கி வந்து, ஒவ்வொரு தொட்டியிலும் அடி வரை இறக்கி, கூண்டோடு சேர்த்துக் கட்டினார். அதுவரை சரி. அப்புறம் கால் முறிந்தவனுக்குப் பத்தை வைத்துக் கட்டுவதுபோல, தண்டைக் கம்போடு சேர்த்து பேண்டேஜ் துணியால் சாணுக்கு ஒரு கட்டுப் போட்டார். விரலை நுழைத்துப் பார்க்கவில்லை. செடிக்கு நகமா இருக்கிறது, சிவக்கிறதா என்று பார்க்க? எலும்பு கட்டுக்குள் ஆறு வாரமும் அதே பருமனில் கிடக்கும். தக்காளித் தண்டு அப்படிக் கிடக்காது என்பது அவர் புத்திக்கு எட்டவில்லை. துணி நனைந்து சுருங்க, தண்டு பருக்க, கட்டு உள்ளே இறங்கியது. மேலே இலைகள் சுருண்டன. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினார். ஒரு மதியம் காற்று கொஞ்சம் பலமாக அடித்ததும் எட்டுச் செடிகளும் கட்டு இருந்த இடத்திலேயே முறிந்து தொங்கின.

அதோடு விட்டிருந்தால் அது வெறும் தவறு. அடுத்துச் செய்ததுதான் அசிங்கம். டீச்சர் வருவதற்கு முந்தின நாள், கட்டு வெட்டுகிற கத்திரியால் எல்லாக் கட்டையும் வெட்டிப் பையில் போட்டுக்கொண்டார். கம்புகளை உருவினார். முறிந்த தண்டுகளைக் குப்பையில் தள்ளினார்.

டீச்சர் வந்து வெறும் கூண்டுகளைப் பார்த்தார். கட்ட மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். மாமா தலையாட்டினார். டீச்சர் கோபப்படவே இல்லை. "நீங்க கட்டியிருந்தா விழுந்திருக்காது" என்று மட்டும் சொன்னார்.

மறதிக்காரர் என்ற பேர் குடியிருப்பு முழுக்கப் பரவியது. அக்கா அவரை வாயில் போட்டு மென்றாள். நானும் சும்மா இருக்கவில்லை, ஆஸ்பத்திரியில் யார் காலையாவது மறந்து வைத்துவிட்டு வரப்போகிறீர்கள் என்று கேலி செய்தேன். எல்லாவற்றுக்கும் சிரித்தார். என்ன பேர் வேண்டுமானாலும் வரட்டும், கட்டத் தெரியாதவன் என்ற பேர் மட்டும் வேண்டாம் என்று இருந்தாராம். பிற்பாடு என்னிடம் இதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த நாட்களில் வார்டில் ஒவ்வொரு கட்டிலும் விரலை நுழைக்கையில் வெட்கத்தில் உடம்பு கூசியது என்றார்.

மூன்று மாதம் கழித்து டீச்சரின் புதுச் செடிகளும் கூண்டைத் தாண்டின. இந்தத் தடவை டீச்சரே கம்பும் துணியும் வாங்கி வைத்து அவரை மாடிக்கு அழைத்தார். நன்றாக இறுக்கிக் கட்டுங்கள் என்றார்.

மாமா துணியை முதலில் கம்பில் முடிந்தார். எட்டு எழுதுவதுபோல் குறுக்கே திருப்பி, தண்டைச் சுற்றித் தளர்வாக ஒரு வளையம் விட்டார். அதில் சுண்டுவிரலை நுழைத்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"போன தடவை மறக்கல டீச்சர். கட்டினேன். இறுக்கிக் கட்டினேன். அதனாலதான் முறிஞ்சுது."

"அப்ப அவுத்தது?"

"அதுவும் நான்தான்."



"செடி போனா போகுது. மூணு மாசமா பாக்கிறவங்ககிட்ட எல்லாம் உங்களை மறதிக்காரர்னு சொல்லிட்டிருக்கேன். என்னை எதுக்குப் பொய் சொல்ல வச்சீங்க?"

 டீச்சர் கீழே இறங்கிப் போய்விடுவார் என்று மாமா நினைத்தாராம். போகவில்லை. ஆறின இடது கையால் அடுத்த செடியைக் கம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மீதி ஏழும் முடியும் வரை மாமா ஒவ்வொரு கட்டாகப் போட்டுக்கொண்டே போனார். டீச்சர் ஒவ்வொன்றிலும் தன் விரலை நுழைத்துப் பார்த்தார்.