மாடியைக் காலி செய்தால் மானியம்

மொட்டை மாடியில் சோலார் பேனலை ஏற்றி வைக்க எங்கள் கம்பெனி ஆட்களுக்கு ஒரு பகல் போதும். அதற்கான அரசு மானியத்தை இறக்கித் தருவது என் வேலை, அதற்குத்தான் உடம்பில் ரத்தம் போதாது. வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டுவிட்டு மானியத்துக்கு அலைந்தவர் யாராவது இதைப் படித்தால், பக்கத்தில் வந்து உட்காருங்கள். நான் சொல்லப்போவது எல்லாம் ஒரே வீட்டில், ஒரே கோடையில் நடந்தவை.

யார் வீட்டுக் கூரை?

காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்தில் ஜமீலா லாத்தாவின் வீடு; அங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். கீழே அவர் இருக்கிறார், கணவர் துபாயில். மாடியில் செல்வியின் குடும்பம் வாடகைக்கு. செல்வியின் கணவர் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார். லாத்தா கடன் வாங்கிப் பேனல் போட்டிருந்தார். மானியம் வந்தால்தான் அது அடையும்.

பட்டினத்து முஸ்லிம் குடும்பங்களில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியிருப்பார். பத்திரமும் மின் இணைப்பும் லாத்தா பேரில் இருந்தன. இதைவிடச் சுத்தமான விண்ணப்பத்தை நான் அனுப்பியதில்லை. ஆய்வுக்கு வந்த மின்துறை அதிகாரியோ வாசலிலேயே நின்றுகொண்டு, "ஆம்பளை இருக்கிற குடும்பத்துல எதுக்கும்மா உங்க பேர்ல? வீட்டுக்காரர் பேருக்கு மாத்திட்டு வாங்க" என்றார். எனக்குக் காது சூடேறியது. லாத்தா நிதானமாகச் சொன்னார்: "இது என் வாப்பா எனக்குக் குடுத்த வீடு சார். எங்க வீட்டுக்காரங்க உம்மா வீடு அவங்க தங்கச்சிக்குப் போயிடுச்சு. அவங்க பேர்ல கூரை வேணும்னா, அவங்க தலை மேலதான் பேனலை வைக்கணும்."

கொடியில் காக்கிச் சட்டை

மாடிக்கு ஏறிய அதிகாரி, கொடியில் காய்ந்த காக்கிச் சட்டையைப் பார்த்தார். இரண்டாவது மீட்டரையும் பார்த்தார். "வாடகைக்கு விட்டா அது வியாபாரம். வியாபாரத்துக்கு மானியம் கிடையாது. மாடியைக் காலி பண்ணிட்டுச் சொல்லுங்க, கையெழுத்துப் போடறேன்" என்றார்.

பேனலிலிருந்து வரும் கம்பி லாத்தாவின் மீட்டருக்குப் போகிறது. செல்வியின் மீட்டர் தனி; அதற்கும் பேனலுக்கும் தொடர்பே இல்லை. அந்தக் கம்பியை விரலால் தொட்டுத் தொட்டு, தொடக்கத்திலிருந்து முடிவு வரை அவருக்குக் காட்டினேன். ஒரு குழந்தைக்குக் காட்டியிருந்தால் அது புரிந்துகொண்டு, விளையாடப் போயிருக்கும். இவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அப்படி ஒரு விதி இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். "எழுத்துலதான் வேணுமா? நிராகரிப்புன்னு எழுதித் தர்றேன், வச்சுக்கங்க."

சொந்தக்காரி

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். என் முதலாளி லாத்தாவுக்கே போன் போட்டு, அடுத்த ஆய்வு நாளன்று மட்டும் மாடிச் சாமான்களைப் பக்கத்து வீட்டில் போட்டுவிடுங்கள், ஆளைப் பற்றிக் கேட்டால் சொந்தக்காரர்கள் என்று சொல்லிவிடுங்கள் என்று யோசனை சொல்லியிருக்கிறார். கேட்டதும் எனக்கு அந்த அதிகாரியைவிட இவர் மேல்தான் எரிச்சல் வந்தது. இல்லாத விதிக்குப் பயந்து, வாடகை கொடுத்துக் குடியிருக்கும் குடும்பம் ஏன் திருடர்களைப் போல ஒளிய வேண்டும்?

நான் போய்ச் சேர்ந்தபோது செல்வி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். வேறு வீடு பார்க்கவும் ஆள் சொல்லி வைத்துவிட்டாளாம். லாத்தா சாக்கைப் பிடுங்கி அவிழ்த்துக் கொட்டினார். "ஏன்டி, என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?" என்று கத்தினார். செல்வி கண்ணைத் துடைத்தபடியே சிரித்துவிட்டாள். "சரி லாத்தா, சொந்தக்காரின்னே சொல்லுங்க. நெத்திப் பொட்டைப் பார்த்துட்டு எந்த வழியில சொந்தம்னு அவரு கேட்டா, நீங்களே பதில் சொல்லிக்கங்க."

ஒரு குவளைத் தேநீர்

இரண்டாவது ஆய்வு. செல்வி ஒளியவில்லை. நிலக்கரி லாரிகள் போகிற சாலை பக்கத்தில் இருப்பதால் பேனலில் கரும்புழுதி படியும். அதை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். "இன்னும் காலி பண்ணலையா?" என்றார் அதிகாரி. "பண்ண மாட்டோம் சார். மானியம் வராட்டி என் வளையலை விக்கிறேன். இவ இங்கதான் இருப்பா" என்றார் லாத்தா.

ஆனாலும் வீட்டுக்கு வந்தவருக்குத் தேநீர் கொடுக்காமல் அனுப்ப லாத்தாவுக்கு மனம் வரவில்லை. கொடுத்துக்கொண்டே ஊர் விசாரித்தார். பாண்டிச்சேரியாம், மாற்றலில் காரைக்கால் வந்தாராம். இங்கே எங்கே ஜாகை என்று கேட்டார். வாடகைக்கு ஒரு மாடி என்றார். கீழ் வீட்டுக்காரர் சோலார் போட்டிருக்கிறாரா? போட்டிருக்கிறார். மானியம் வந்ததா? அதிகாரி குவளையைப் பார்த்தபடி, "வந்துச்சு" என்றார். செல்வி துணியைப் பிழிந்து உதறினாள். "அப்ப நீங்க எப்ப சார் காலி பண்றீங்க?"

அவர் பாதித் தேநீரோடு எழுந்து போனார். அன்றும் கையெழுத்துப் போடவில்லை. நான் மேலதிகாரியின் அறை வாசலில் தவம் கிடந்தேன். ஒருவழியாகக் கூப்பிட்டு, "அப்படி ஒரு விதியே இல்லையே, யார் சொன்னா?" என்று என்னையே அதட்டினார். கோடை முடிந்து மழைக்காலத்தில்தான் மானியம் வந்தது. செல்வி மாடியில்தான் இருக்கிறாள்.

சூரியனிலிருந்து கிளம்பிய வெளிச்சம் லாத்தா வீட்டு மாடிக்கு வந்துசேர எட்டு நிமிடம் ஆகிறது. அந்த மாடியில் ஒரு குடும்பம் வாழலாம் என்பது அலுவலகத்துக்குப் போய்ச்சேர ஒரு கோடை போதவில்லை.