கொட்டையும் கொட்டுதலும்

பருத்தி அரவை மில்லில் அவளை ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டு இயந்திரங்கள் சேர்ந்து இரைந்தாலும் அவள் குரல் தனியாகக் கேட்கும். கணவர் நேர் எதிர். அச்சகத்தில் பிழை திருத்துபவர்; அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் கண்வலி வந்தது. அச்சுக்குப் போகவேண்டிய அகராதித் தாள்களை அவள் உரக்கப் படிக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டே திருத்தம் சொன்னார். மூன்றாம் நாள் ‘பஞ்சு கொட்டுதல்’ வந்தது. பருத்தியிலிருந்து கொட்டையை நீக்குதல், ‘கொட்டை’யிலிருந்து பிறந்த சொல் என்று போட்டிருந்தது.

அவள் சிரித்த சிரிப்பில் தாள் கை நழுவியது.

“ஏங்க, இத எழுதினவரு பஞ்ச கண்ணால பாத்திருக்காரா?”

“அவர் பெரிய புலவர். நம்ம வேலை எழுத்துப்பிழை பாக்கறது மட்டும்தான்.”

“எழுத்து சரியாத்தான் இருக்கு. விஷயம்தான் தப்பு.”

ஓரத்தில் சிவப்பு மையால் அப்படியே எழுதியும் வைத்தாள்.

மறுவாரம் புலவரே வீட்டுக்கு வந்துவிட்டார். கறுப்புக் கோட்டு, கையில் குடை, முகம் கடுகடுவென்று இருந்தது.

“இந்தச் சிவப்பு மை யாரோடது?”

“என்னோடதுதாங்க. உக்காருங்க.”

மில்லுக்குக் கொண்டுபோகும் தன் பையிலிருந்து ஒரு பிடி பருத்தியை எடுத்து அவர் முன்னாலேயே விரலால் கொட்டையைப் பிரித்தாள்.

“இதுக்குப் பேரு அரைக்கிறது. பேருதான் அரவை, ஒரு கொட்டைகூட உடையக் கூடாது. உடைஞ்சா மேஸ்திரி எங்கள அரைச்சிடுவாரு. கொட்டை போன பஞ்சு கட்டி கட்டியா கிடக்கும். அத அடிச்சுப் பொங்க வைக்கிறதுதான் கொட்டுறது. கை கொட்டுறோமே, அந்தக் கொட்டு.”

சொல்லிக்கொண்டே குச்சியால் நாலு சாத்து சாத்தினாள். பஞ்சு பறந்து கோட்டிலும் புருவத்திலும் உட்கார்ந்தது. புலவர் மூன்று தும்மல் போட்டுவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

“வேற என்னென்ன சொல்லு இருக்கும்மா?”

டீ ஆறும்வரை சொன்னாள். எழுதி முடித்தவர், தன் பங்குக்கு ஒன்று சொன்னார்: பழைய தமிழில் ‘பன்னல்’ என்றால் பருத்தி, சொல்லுக்கும் அதே பெயர். ‘பனுவல்’ என்றால் பஞ்சு, புத்தகமும் அதுவே.

அவள் பேச்சு நின்றது. கண்வலியோடு மூலையில் படுத்திருந்த கணவர், என்ன ஆயிற்றோ என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

“அப்போ நீங்களும் நானும் ஒரே மில்லுலதான் வேலை பாக்குறோமா?” என்றாள் கணவரிடம் மெல்ல.

“இவ்வளவு நாளா அது தெரியலையே,” என்றார் அவர். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

அகராதி திருத்தத்தோடு வெளிவந்தது. மில்லில் அந்தச் சொல் இருந்த பக்கம் கைமாறிக் கைமாறி அழுக்கேறியது. அடுத்து நெசவுச் சொற்களையும் பார்த்துத் தரும்படி புலவர் சொல்லியனுப்பினார். தனக்குத் தெரியாததில் வாய் வைக்கமாட்டேன் என்று மறுத்துவிட்டாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையே அவரைத் தறிக்காரர்கள் தெருவுக்கு அழைத்துக்கொண்டு போனாள். பின்னாலேயே குடை பிடித்தபடி கணவரும் நடந்தார்.