நுரை அடங்குமுன்

யாருக்குமே தெரியாத குறை, குறைதானா?

கிளாஸக்கா இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டவரல்லர். இப்போது கேட்க நேரமும் இல்லை. கழுவி அடுக்கிய கிளாஸ்களை மறுபடியும் வெந்நீரில் கழுவிக்கொண்டிருக்கிறார். ஹோட்டலின் பின்பக்கச் சன்னலில் பிற்பகல் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. எல்லாமே எந்திரம் பளபளவென்று கழுவி அனுப்பியவைதாம். ஒவ்வொன்றாக எடுத்து, அலசி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார். "மினுக்கும் இருக்கு, சோப்பும் இருக்கு. சோப்பு இருக்கிற இடத்துல நுரை குடித்தனம் பண்ணாது" என்கிறார். பக்கத்தில் யாருமில்லை.

இந்தப் பழக்கத்தில் ஒட்டிக்கொண்ட பெயர்தான் கிளாஸக்கா. வயதில் மூத்த சமையல்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். நெட்டையான உருவம், முடியை அள்ளி ஒரே கிளிப்பில் செருகியிருப்பார். நடையில் அவசரம் கிடையாது, பேச்சில் உண்டு. ஒயின் பாட்டிலை யாராவது 'டப்' என்று திறந்தால் முகம் சுருங்கிவிடும். கைதட்டல் வேண்டுகிறவர்கள் அப்படித் திறக்கட்டும் என்பது அவர் எண்ணம். அவர் திறந்தால், தூக்கத்தில் குழந்தை பெருமூச்சு விட்டதுபோல ஓர் 'உஸ்' மட்டுமே கேட்கும்.

வண்டியில் குலுங்கி வந்த பாட்டில்களை அன்றைக்கே தொடமாட்டார். "பயணக் களைப்புல இருக்கு. இப்பத் திறந்தா மூஞ்சில பொங்கும்" என்று மூலையில் படுக்கவைத்துவிடுவார். சரக்கு இறக்குகிறவர் ஒருநாள், "அக்கா, எனக்கும்தான் களைப்பு. என்னை யாரு படுக்க வெக்கிறா?" என்று கேட்டார். "உனக்கு எதுக்குடா தம்பி? நீதான் திறக்காமலே வழியுறியே" என்று பதில் வந்தது. சமையலறை முழுக்கச் சிரித்தது. அவர் அதற்குள் அடுத்த கிளாஸை எடுத்திருந்தார்.

வெயில் ஏறிவிட்டால் அந்த ஹோட்டல் தோட்டத்துக்கு வருகிறவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: ரோஜாப் பாகின் மேல் நுரைக்கும் ஒயினை ஊற்றி அக்கா தருகிற பானம். விலைப்பட்டியலில் அதற்கு வாயில் நுழையாத நீளப் பெயர் உண்டு. எல்லோருக்கும் அது 'பூ ஒயின்'.

பூ, அவர் வீட்டு மொட்டைமாடித் தொட்டிகளில் பூத்தது. கடை ரோஜா ஆகாது. "மருந்தடிச்ச பூவை ஜாடியில வெக்கலாம், வாயில வெக்க முடியுமா?" செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது கணவர் பொறுப்பு. அவர் சொந்தமாகப் பழுதுக்கடை வைத்திருக்கும் குளிர்சாதன மெக்கானிக். வீட்டு ஏசியிலிருந்து சொட்டுகிற நீரை வாளியில் பிடித்து மாடிக்குத் தூக்கிப் போவார். இந்த ஹோட்டலின் ஐஸ் எந்திரத்தைச் சரிசெய்ய வந்த இடத்தில் பார்த்துப் பழகிக் கட்டிக்கொண்டவர்கள் இருவரும். மனைவியைப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், "ஐஸ் வெக்கிறதெல்லாம் கடையோட நிக்கட்டும்" என்று அக்கா அவர் வாயை அடைத்துவிடுவார்.

பாகு காய்ச்சுவது வீட்டில்தான். ஒவ்வோர் இதழின் அடியிலும் நகக்கண் அளவு வெள்ளை இருக்கும், அது கசக்கும். அதைக் கத்தரிக்கோலால் நறுக்கி எறிகிறார். கொதித்து அடங்கிய நீரில் இதழ்களைப் போட்டு மூடினால், சற்று நேரத்தில் நிறமெல்லாம் இறங்கி, துவைத்துத் துவைத்து நைந்த துணிபோல் நீர் மங்கிக் கிடக்கும். வடிகட்டிச் சர்க்கரை சேர்த்து, கடைசியில் எலுமிச்சையைப் பிழிவார். அந்தக் கணம் மெக்கானிக் எங்கிருந்தாலும் அடுப்படிக்கு வந்துவிடுவார். சாறு பட்ட இடமெல்லாம் செக்கச் சிவந்துகொண்டு போகும்.

"வெக்கப்படுது பாரு."

"புளிப்பு பட்டா யாரா இருந்தாலும் முழிச்சுக்கத்தான் செய்வாங்க. தள்ளுங்க, வெளிச்சம் மறைக்குது."

ஹோட்டலில் மீதி வேலை. குளிர்ந்த கிளாஸின் அடியில் ஒரு கரண்டி பாகு. கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, அதன் சுவரோரமாக ஒயினை வழியவிடுவார். கலக்கமாட்டார், குமிழிகளே பாகைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். ஐஸ் போட்டால் நுரை செத்துவிடும் என்று அவர் சொல்ல, ஐஸால் பிழைக்கிற மனிதர் அதை முகம் கோணாமல் கேட்டுக்கொள்கிறார்.

பாரில் அக்கா உதவியாளர்தான். அங்கே பொறுப்பாளர் பதவி இரண்டு முறை காலியானது. இரண்டு முறையும் வெளியிலிருந்து ஆள் வந்தது. எந்தப் பாட்டில் எந்தத் தட்டில் என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தது அக்காதான். மூன்றாம் முறை காலியானபோது மெக்கானிக்கால் பொறுக்க முடியவில்லை. "எங்க வீட்டம்மாதான் இனிமே பார் இன்சார்ஜ்" என்று தன் கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

"ஏங்க, முதலாளியம்மாவுக்கே இன்னும் தெரியாது. உங்க கடைக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று வீட்டில் அக்காவிடம் திட்டு விழுந்தது. ஆனால் அன்று சீருடையைத் தேய்த்தபோது, 'உதவியாளர்' என்ற பட்டை குத்திக் குத்தித் துளைவிழுந்த இடத்தை அக்கா விரலால் தடவிக்கொண்டு நின்றதை மெக்கானிக் பார்த்துவிட்டார். ஆசை இருந்தது.

"தோட்ட விருந்து முடியட்டும், அன்னிக்கே சொல்றேன்" என்றிருந்தார் முதலாளியம்மா. கோடையில் வாடிக்கையாளர்களுக்கு அவர் கொடுக்கும் விருந்து அது. விருந்தன்று காலை மேனேஜர், அடியில் குழாய் வைத்த பெரிய கண்ணாடி ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

"பாகையும் ஒயினையும் இதுல மொத்தமா கலந்துடுங்க. குழாயைத் திருப்பினா வேலை முடிஞ்சுது."

"அரை மணியில நுரை செத்துரும் சார். அப்புறம் அது சர்பத்து."

"யாருக்கு அக்கா தெரியப்போகுது?"

"ஊத்துறவளுக்குத் தெரியுமே."

"வரிசை நின்னுச்சுன்னா உங்க பேர்தான் கெடும். யோசிச்சுக்கங்க."

அவர் யோசிக்கவில்லை. மரநிழலில் மேசை போட்டு, கிளாஸ்களில் முன்கூட்டியே பாகை மட்டும் விட்டுவைத்தார். ஒயின், ஆள் வந்து எதிரே நின்ற பிறகுதான். வரிசை நிற்கத்தான் செய்தது. நின்றவர்கள், தங்கள் கிளாஸில் சிவப்பு மேலேறுவதைப் பார்க்கக் கழுத்தை நீட்டினார்கள். ஐஸ் பெட்டிகளைக் கவனிக்க வந்திருந்த மெக்கானிக், ஒரு பெட்டியைக்கூடத் திறக்காமல் மனைவியின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த யாரிடமோ "என் சம்சாரம்" என்றார். யாரும் கேட்கவில்லை.

வரிசை நீள்வதைக் கண்டு பயந்த மேனேஜர், எதிர்மூலையில் தானே கலந்து ஜாடியை வைத்துவிட்டார். முதலாளியம்மா குடித்தது அதிலிருந்துதான். பாதி கிளாஸோடு மரநிழலுக்கு வந்தார், பின்னாலேயே மேனேஜர்.

"பிரமாதம்மா. இவ்வளவு நாள் உன்னை உதவியாளரா வெச்சிருந்தது என் தப்பு. பார் இனிமே உன்னுது."

மெக்கானிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மேனேஜர் கண்ணாலேயே 'சரின்னு சொல்லுங்க' என்றார். அக்கா அந்தக் கிளாஸைப் பார்த்தார். அதில் ஒரு குமிழி இல்லை.

"அம்மா, இது நான் செஞ்சது இல்ல. ஜாடியில சார் கலந்தது. என்னுதையும் குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க." ஒன்றை ஊற்றிக் கொடுத்தார்.

முதலாளியம்மா அதில் ஒரு வாய், இதில் ஒரு வாய் என்று நிதானமாகக் குடித்தார்.

"மறைக்காம சொல்றேனே, எனக்கு ருசி ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. உன்னுது மூக்குல ஏறுது, ஏப்பம் வருது. இந்த வயசுக்கு ஜாடியில இருக்கிறதே தேவலாம்." அவர் சிரித்தார், அதில் கேலி இல்லை. "ஜாடியையே வெச்சுக்கலாம், வரிசையில நிக்கிற நேரமும் மிச்சம். பார் உன் பொறுப்பு. சரின்னு தலையை ஆட்டு, போதும்."

ஒரு வேலையின் நியாயம் அதைப் பெறுகிறவரின் நாக்கில் இருக்கிறதா, செய்கிறவரின் கையில் இருக்கிறதா என்பதைப் பற்றி நிறைய வாதிடலாம். நாக்கு அன்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. கையின் பக்கம் பேச ஒருவரும் இல்லை.

அந்தத் தலை ஆடவில்லை. பார் பொறுப்பில் இப்போது வேறொருவர் இருக்கிறார். எந்தப் பாட்டில் எந்தத் தட்டில் என்று அவருக்கும் அக்காதான் காட்டினார். ஏன் வேண்டாமென்றாய் என்று மெக்கானிக் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டார். ஒவ்வொரு முறையும் பேச்சு செடிக்கோ சமையலுக்கோ போய்விடுகிறது. ஆனால் கடையில் அவர் அந்த மாலையைப் பற்றிச் சொல்வதை நிறுத்தவில்லை. இன்சார்ஜ் என்ற சொல் மட்டும் கதையிலிருந்து உதிர்ந்துவிட்டது. குரலில் மிடுக்கு ஏறியிருக்கிறது.

அன்று நடந்தது இவ்வளவுதான். முதலாளியம்மா பதிலுக்காக ஒரு பக்கம் நின்றார். வரிசையில் அடுத்தவர் கைபேசியில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டே கிளாஸுக்குக் கையை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை. பாட்டிலை ஏந்தியபடி, முதலாளியம்மாவையும் காக்கவைத்துக்கொண்டு, அந்த மனிதர் பேசி முடித்துக் கைபேசியைப் பையில் போடும்வரை பொறுத்திருந்தார். பிறகு கிளாஸைச் சாய்த்து ஊற்றத் தொடங்கினார்.